சோதனை முடிந்த பிறகு மிச்சம் என்ன?

கோவை சரவணம்பட்டியில், சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அந்தச் சிறிய நிறுவனம் இயங்குகிறது. மருந்துக்கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறார்கள். பைத்தான் மொழி, ஜாங்கோ ஃப்ரேம்ஒர்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். யூனிட் டெஸ்ட் எழுத வேண்டும் என்று சொல்கிறவர்கள் இன்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் ஓடித் தயார் செய்யும் மெத்தடையும், பின்னால் ஓடிச் சுத்தம் செய்யும் மெத்தடையும் பற்றி நின்று பேசுகிறவர்கள் குறைவு. டெஸ்டின் பேச்சை நம்பலாமா கூடாதா என்பது அந்த இரண்டையும் பொறுத்தது. அவை ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே அங்கே போனேன்.

டெஸ்டிங் பொறுப்பில் இருப்பவர் நாற்பதைத் தொட்ட ஒரு பெண்மணி. இளையவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. "வாங்க சார், மொதல்ல ஒரே ஒரு டெஸ்ட மட்டும் பாத்துருவோம். மொத்தமாப் பாத்தா ஒண்ணும் பிடிபடாதுங்க" என்று ஒரு நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

காலாவதியான மாத்திரை

அவர் திறந்து காட்டிய டெஸ்ட் நான்கே வரி. காலாவதித் தேதி தாண்டிய மாத்திரையை பில்லில் சேர்க்கப் பார்க்கிறது. சாஃப்ட்வேர் மறுக்க வேண்டும். பில்லில் ஒரு வரியும் ஏறியிருக்கக் கூடாது. நான்கு வரிதான் என்றாலும், அது ஓடுவதற்கு ஒரு கடை வேண்டும், கடையில் ஒரு மருந்து வேண்டும், அந்த மருந்துக்குத் தேதி தாண்டிய ஒரு பேட்ச் வேண்டும், லாகின் செய்த ஒரு ஊழியர் வேண்டும். இதையெல்லாம் உண்டாக்கித் தருவது மேலே இருக்கும் செட்அப் மெத்தட். பில் பிடிஎஃப் போய் விழுவதற்கு ஒரு தற்காலிக ஃபோல்டரையும் அதுவே திறக்கிறது. கீழே இருக்கும் டியர்டவுன் மெத்தட் அந்த ஃபோல்டரை அழிக்கிறது.

மூன்று மெத்தடிலும் ஒவ்வொரு பிரின்ட் வரியைச் சேர்த்துவிட்டு என்டர் தட்டினார். திரையில் வரிசையாக விழுந்தது: செட்அப், டெஸ்ட், டியர்டவுன். அடுத்த டெஸ்டுக்கு மறுபடியும் செட்அப், டெஸ்ட், டியர்டவுன்.

பக்கத்தில் நின்றிருந்த, புதிதாகச் சேர்ந்த இளைஞர் கேட்டார்: "அதே கடையத்தானக்கா ஒவ்வொரு தடவையும் உருவாக்குறோம்? ஒரு தடவ பண்ணி வச்சுட்டு எல்லா டெஸ்டும் எடுத்துக்கலாமில்ல?"

அவர் பதில் சொல்லாமல் இன்னொரு பிரின்ட் வரி சேர்த்தார். இந்த முறை ஒவ்வொரு டெஸ்டும் தன் ஆப்ஜெக்டின் அடையாள எண்ணைக் காட்டியது. ஒவ்வொன்றும் வேறு எண். ஒரே கிளாசுக்குள் எழுதப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் பைத்தானின் யூனிட்டெஸ்ட் நூலகம் தனித்தனி ஆப்ஜெக்ட் உண்டாக்குகிறது. ஒரு டெஸ்ட் தன் ஆப்ஜெக்டில் வைத்த பொருள் பக்கத்து டெஸ்டின் கைக்குப் போகாது. "ஒண்ணுக்கொண்ணு ஒட்டக் கூடாதுன்னு அவங்களே கட்டி வச்சிருக்காங்க தம்பி. நாமதான் ஒட்ட வச்சுடறோம்" என்றார்.

இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுப் பழையது. கென்ட் பெக் 1994-ல் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய எஸ்யூனிட்டில் இது தொடங்கியது. 1997-ல் ஜூரிக்கிலிருந்து அட்லான்டாவுக்குப் போகும் விமானத்தில் அவரும் எரிக் காமாவும் உட்கார்ந்து அதை ஜாவாவில் எழுதினார்கள்; அதுதான் ஜேயூனிட். அதைப் பார்த்து ஸ்டீவ் பர்செல் பைத்தானுக்கு எழுதியது 2001-ல் பைத்தான் 2.1-உடன் யூனிட்டெஸ்ட் என்ற பெயரில் சேர்ந்து வந்தது. ஆனால் டாட்நெட் உலகில் என்யூனிட் ஒரு கிளாசின் எல்லா டெஸ்டுகளுக்கும் ஒரே ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டது. என்யூனிட்டின் இரண்டாம் பதிப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நியூகிர்க், பின்னாளில் பிராட் வில்சனுடன் சேர்ந்து எக்ஸ்யூனிட் டாட்நெட்டை உருவாக்கியபோது டெஸ்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட் என்ற வழிக்கே வந்தார். அங்கே செட்அப், டியர்டவுன் என்று தனி அடையாளங்களே கிடையாது. கன்ஸ்ட்ரக்டர் தயார் செய்கிறது, டிஸ்போஸ் மெத்தட் சுத்தம் செய்கிறது.

தயாரிப்பு பாதியில் உடைந்தால்

அடுத்து அவர் காட்டியதுதான் அன்று நான் பார்த்ததில் முக்கியமானது. செட்அப் மெத்தடில் தற்காலிக ஃபோல்டரை உண்டாக்கும் வரிக்கு அடுத்து, வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்பும் வரியைச் சேர்த்தார்.

"இப்ப டியர்டவுன் ஓடுமா தம்பி?"

"ஓடுமுங்கக்கா. டெஸ்ட் ஃபெயிலானாலும் டியர்டவுன் ஓடும்னுதான படிச்சோம்."

என்டர் தட்டினார். திரையில் செட்அப் என்ற சொல் வந்தது. அதோடு பிழைச் செய்தி. டியர்டவுன் வரவில்லை. இன்னொரு விண்டோவில் தற்காலிக ஃபோல்டர்களின் பட்டியலைத் திறந்தார். இப்போது உண்டாக்கிய ஃபோல்டர் அங்கேயே இருந்தது. மறுபடி ஓட்டினார், இரண்டு ஃபோல்டர். இன்னொரு முறை, மூன்று.

அந்த இளைஞர் படித்தது தவறில்லை. டெஸ்ட் தோற்றாலும் டியர்டவுன் ஓடும். ஆனால் பைத்தானின் யூனிட்டெஸ்டில், செட்அப் வெற்றிகரமாக முடிந்தால்தான் டியர்டவுனுக்கு முறை வரும். செட்அப் நடுவில் விழுந்தால், அதுவரை திறந்த ஃபைல், எடுத்த கனெக்ஷன், உண்டாக்கிய ஃபோல்டர் எல்லாம் அப்படியே அநாதையாக நிற்கும். ஜேயூனிட்டின் நான்காம் பதிப்பில், முன் மெத்தட் தோற்றாலும் பின் மெத்தட் ஓடியே தீரும் என்று உறுதி தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தன் விதி உண்டு. நம் கருவியின் விதி எது என்று ஒருமுறை உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு சரிசெய்து காட்டினார். டியர்டவுனை முழுதாக நீக்கினார். ஃபோல்டரை உண்டாக்கும் வரிக்கு நேர் கீழே, ஆட்க்ளீனப் என்ற அழைப்பை எழுதி, அந்த ஃபோல்டரை அழிக்கும் வேலையை அங்கேயே பதிவு செய்தார். பிழை வரி அதற்கும் கீழே அப்படியே இருந்தது. ஓட்டினார். பிழை வந்தது, ஃபோல்டர் இல்லை. பைத்தான் 2.7-லிருந்து இருக்கும் வசதி இது. பதிவு செய்த சுத்தப்படுத்தல்கள், செட்அப் விழுந்தாலும் ஓடும். கடைசியில் பதிவானது முதலில் ஓடும். முதலில் ஃபோல்டர், பிறகு அதற்குள் ஒரு ஃபைல் என்று திறந்திருந்தால், ஃபைல் மூடிய பிறகே ஃபோல்டர் அழியும். கோ மொழியும் 2020-ல் தன் 1.14 பதிப்பில் இதே வழிக்கு வந்து, க்ளீனப் என்ற பதிவு முறையைச் சேர்த்தது.

"எடுத்த வரிக்கு அடுத்த வரியிலயே திருப்பி வைக்கறத எழுதிரணுங்க. அம்பது வரி தள்ளிக் கீழ எழுதினா, நாளைக்கு ஒருத்தர் புதுசா ஒண்ணு எடுப்பாரு, திருப்பி வைக்க மறந்துருவாரு." அவர்கள் அலுவலகத்தில் கோட் ரிவ்யூவில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

112 ரூபாய், 105 ரூபாய்

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் பெரும்பாலான மருந்துகளுக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. 22-ம் தேதி முதல் அமல். மருந்துக்கடை சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு இடையில் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. அந்தப் பரபரப்பில் நடந்ததை அவர் பழைய கோடைத் திறந்து வைத்தே விளக்கினார்.

வரி விகிதங்கள் ஒரு மாட்யூலில் டிக்ஷனரியாக இருந்தன. புதிய விகிதத்தில் பில் சரியாக அச்சாகிறதா என்று பார்க்க எழுதிய ஒரு டெஸ்ட், அந்த டிக்ஷனரியில் 12-ஐ 5 என்று மாற்றியது. பில்லைச் சரிபார்த்தது. தேறியதன் அடையாளமாகப் பச்சை விழுந்தது. மாற்றியதைத் திருப்பி வைக்கவில்லை.

யூனிட்டெஸ்ட் ஒரு கிளாசுக்குள் இருக்கும் டெஸ்டுகளைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டும். 12 சதவீதத்தை எதிர்பார்க்கும் டெஸ்டுகள் எழுத்து வரிசையில் முன்னால் இருந்ததால் அவை முன்பே ஓடி முடிந்தன, எல்லாம் பச்சை. சில நாள் கழித்து ஒருவர் ஒரு டெஸ்டின் பெயரைத் தெளிவாக இருக்கட்டும் என்று மாற்றினார். வரிசை மாறியது. 100 ரூபாய் மருந்துக்கு 112 வர வேண்டிய இடத்தில் 105 வந்து சிவப்பு விழுந்தது. தனியாக ஓட்டினால் பச்சை. சேர்த்து ஓட்டினால் சிவப்பு. பெயரைத் தவிர அவர் எதையும் தொடவில்லை என்பதால், பிழையை எங்கே தேடுவது என்றே யாருக்கும் தெரியவில்லை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில், முந்தைய பேட்ச் மாணவர் கழுவாமல் வைத்துப்போன பியூரெட்டில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு இது புரியும். ரீடிங் தப்பாக வரும். தவறு நம் கணக்கில் இருக்காது.

டெஸ்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட் என்ற பாதுகாப்பு இங்கே உதவவில்லை. மாட்யூலில் இருக்கும் டிக்ஷனரி, கிளாஸ் மட்டத்தில் வைத்த மாறிகள், என்விரான்மென்ட் மாறிகள், கேஷ், டிஸ்கில் கிடக்கும் ஃபைல் இவையெல்லாம் அந்த ஆப்ஜெக்டுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைத் தொடும் டெஸ்ட்தான் திருப்பி வைக்க வேண்டும். இப்போது அவர்கள் டிக்ஷனரியை நேரடியாகத் தொடுவதில்லை. பைத்தானின் மாக் நூலகத்தில் உள்ள பேட்ச் டிக்ட் மூலம் மாற்றி, பழைய நிலைக்குத் திருப்பும் ஸ்டாப் அழைப்பை அதே இடத்தில் ஆட்க்ளீனப்பில் பதிவு செய்கிறார்கள்.

இது சிறிய நிறுவனத்துக்கு மட்டும் வந்த சங்கடமில்லை. 2011-ல் ஜாவா 7 வந்தபோது, ஒரு கிளாசின் மெத்தடுகளை ரிஃப்ளெக்ஷன் தரும் வரிசை மாறியது. அதுவரை பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே ஓடிக்கொண்டிருந்த ஜேயூனிட் டெஸ்டுகள் வேறு வரிசையில் ஓடத் தொடங்கின. ஒன்றன் மிச்சத்தில் ஒன்று நின்றுகொண்டிருந்தவை சரிந்தன. மறு ஆண்டு வந்த ஜேயூனிட் 4.11 ஒரு நிலையான வரிசையைக் கொண்டுவந்தது. வரிசை நிலையானால் சிவப்பு மறைந்துவிடும். டெஸ்டுகளுக்கு இடையே உள்ள ஒட்டுதல் மறையாது.

அதனால் இந்த அலுவலகத்தில் வரிசையை நிலைக்க விடுவதில்லை. ஜாங்கோ 4.0-ல் வந்த ஷஃபிள் என்ற வசதியோடு இரவில் எல்லா டெஸ்டையும் கலைத்து ஓட்டுகிறார்கள். எந்த எண்ணை வைத்து வரிசையைக் கலைத்தது என்று அது முதலிலேயே காட்டிவிடும். காலையில் சிவப்பு இருந்தால் அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையில் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

ரோல்பேக் தொடாத இடங்கள்

மதியம் டேட்டாபேஸ் பக்கம் வந்தோம். "தம்பி காலைல கேட்ட கேள்விக்கு இங்கதான் பதில் இருக்கு" என்று தொடங்கினார். கடை, மருந்து, ஊழியர் என்று ஒவ்வொரு டெஸ்டுக்கும் டேட்டாபேசில் புதிதாக எழுதினால் நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஜாங்கோ 1.8-லிருந்து செட்அப் டெஸ்ட் டேட்டா என்ற மெத்தட் இருக்கிறது. ஒரு கிளாசுக்கு ஒருமுறை மட்டும் ஓடித் தரவை எழுதும். பிறகு ஒவ்வொரு டெஸ்டும் தன் சொந்த டிரான்சாக்ஷனுக்குள் ஓடி, முடிந்ததும் ரோல்பேக் ஆகும். ஒரு டெஸ்ட் ஸ்டாக்கைக் குறைத்தாலும், கடையின் பெயரை மாற்றினாலும், அடுத்த டெஸ்ட் பார்ப்பது தொடக்க நிலையைத்தான். 3.2 பதிப்பிலிருந்து, மெமரியில் இருக்கும் அந்த ஆப்ஜெக்டுகளும் டெஸ்டுக்குத் தனித்தனிப் பிரதியாகக் கிடைக்கின்றன. தயாரிப்பு ஒருமுறை, சுத்தம் ஒவ்வொரு முறை. செலவைக் குறைக்க இதுதான் நேர்மையான வழி.

ஆனால் ரோல்பேக் எல்லாவற்றையும் துடைக்காது என்பதையும் அவர் காட்டினார். முதல் எடுத்துக்காட்டு பில் எண். போஸ்ட்கிரெஸில் சீக்வென்ஸ் கொடுத்த எண், ரோல்பேக் ஆனாலும் திரும்பி வராது. முதல் பில்லின் எண் 1 என்று எதிர்பார்த்து எழுதிய டெஸ்ட், தனியாக ஓடினால் தேறும். இன்னொரு பில் டெஸ்டுக்குப் பின்னால் ஓடினால் தோற்கும். இரண்டாவது, விற்பனை டேட்டாபேசில் உறுதியான பிறகு வாடிக்கையாளருக்குப் போகும் எஸ்எம்எஸ். டிரான்சாக்ஷன் கமிட் ஆவதே இல்லை என்பதால் அந்தப் பகுதி வழக்கமான டெஸ்டில் ஓடவே ஓடாது. அதைச் சோதிக்க, கமிட்டுக்குக் காத்திருக்கும் அழைப்புகளைப் பிடித்து ஓட்டும் தனி வசதியை எடுக்க வேண்டும்.

மூன்றாவதைக் காட்ட ஒரு பழைய மெஷினுக்குப் போய் மீடியா ஃபோல்டரைத் திறந்தார். பிடிஎஃப் பில்கள், ஸ்க்ரோல் செய்யச் செய்ய வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாடிக்கையாளர் பெயர், ஒரே மாத்திரை, ஒரே தொகை. டெஸ்டுகள் எழுதிப் போட்டு, யாரும் அள்ளாத பில்கள். டேட்டாபேஸ் பின்னோக்கிப் போனாலும் டிஸ்கில் எழுதியது எழுதியதுதான்.

நடுவில் நின்றுபோனால்

டெஸ்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் கில் செய்து காட்டினார். டியர்டவுன் இல்லை, ஆட்க்ளீனப் இல்லை, எதுவும் ஓடவில்லை. கரண்ட் போனாலும், மெமரி போதாமல் சர்வர் பிராசஸைக் கொன்றாலும் இதுவே கதி. மறுபடி ஓட்டியபோது, பழைய டெஸ்ட் டேட்டாபேஸ் அப்படியே இருக்கிறது, அழிக்கட்டுமா என்று ஜாங்கோ கேட்டு நின்றது.

ஆகவே பின்னால் சுத்தம் செய்வதை மட்டும் நம்பி இருக்க முடியாது. முன்னால் ஓடும் தயாரிப்பு, முந்தைய ஓட்டம் அரைகுறையாக நின்றிருந்தாலும் தன் வேலையைத் தொடங்கும்படி எழுதப்பட வேண்டும். நிலையான பெயருள்ள ஃபோல்டரை விட, ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் பெறும் தற்காலிக ஃபோல்டர் பாதுகாப்பானது. பிரவுசர் டெஸ்டிங் கருவியான சைப்ரஸ், பின்னால் துடைப்பதை விட அடுத்த டெஸ்டுக்கு முன்னால் துடைப்பதையே பரிந்துரைக்கிறது. தோற்ற டெஸ்டின் மிச்சம் திரையிலேயே இருந்தால் காரணம் கண்டுபிடிப்பது எளிது என்பதும் அதற்கு ஒரு நியாயம். பைத்தானின் இன்னொரு டெஸ்டிங் கருவியான பைடெஸ்ட்டும் தன் தற்காலிக ஃபோல்டர்களில் கடைசி மூன்று ஓட்டங்களுடையதை வைத்திருந்து, பழையதை மட்டும் அழிக்கிறது.

புதிய மாட்யூல்களில் அவர்கள் பைடெஸ்ட்டின் ஃபிக்ஸ்சர்களுக்கு மாறிவருகிறார்கள். ஒரே ஃபங்ஷனில் யீல்ட் என்ற சொல்லுக்கு மேலே தயாரிப்பு, கீழே சுத்தம். எந்த டெஸ்டுக்கு எது வேண்டுமோ அதைப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்கிறது. மாறியதற்குக் காரணமான பழைய செட்அப் ஒன்றையும் பார்த்தேன். திரையில் இரண்டு பக்கம் நீண்டது. ஒன்பது மருந்துகள், மூன்று கடைகள். அதன் கீழே இருந்த ஒரு டெஸ்டுக்கு அதில் எது தேவை என்று படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெரார்ட் மெஸாரோஸ் 2007-ல் எழுதிய எக்ஸ்யூனிட் டெஸ்ட் பேட்டர்ன்ஸ் நூலில் இந்த நோயை ஜெனரல் ஃபிக்ஸ்சர் என்று பெயரிட்டு விவரித்திருக்கிறார். எல்லோருக்கும் பொதுவாகத் தயாரித்தது யாருக்கும் பொருந்தாமல் போகிறது. ஒருவருக்காக அதில் ஒரு வரியை மாற்றினால் இன்னொருவருடைய டெஸ்ட் விழுகிறது.

கிளம்பும் முன் அந்த இளைஞர் தன் கோடில் ஒரு இடத்தைக் காட்டினார். சுத்தம் செய்யும் பகுதியில் எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்படி எழுதியிருந்தது. "இத எடுத்துரலாங்களா அக்கா?" என்றார். "எடுத்துரு தம்பி. சுத்தம் ஆகலைன்னா அது நமக்குத் தெரியணும்" என்றார் அவர்.

பச்சை விழுந்த டெஸ்டை நாம் நம்புவது, அந்தப் பச்சை கோடைப் பற்றிச் சொல்கிறது என்ற நம்பிக்கையில்தான். முந்தைய டெஸ்டின் மிச்சத்தில் ஓடிய டெஸ்டின் பச்சை அந்த மிச்சத்தைப் பற்றித்தான் சொல்கிறது. டெஸ்ட் எழுதும் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரம் உங்கள் டெஸ்டுகளை ஒருமுறை வரிசை கலைத்து ஓட்டுங்கள். சந்தேகமான ஒன்றைத் தனியாக ஓட்டுங்கள். ஒரு செட்அப்பை நடுவில் உடைத்து, பின்னால் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். தலைமையில் இருப்பவர்கள் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். இதுவும் டெஸ்ட் எழுதுவதில் சேர்ந்ததுதான்.